காலைப் பாருங்கள்

தேசம் தேசமாகச் சுற்றிய வெள்ளைக்கார ஓவியர்கள் வரைந்த உடைப் படங்களை 'அந்தக் காலத்து உடுப்பு' என்று ரசிக்கச் சொல்கிறார்கள். தொப்பி, ஜரிகை, குடை எல்லாம் அழகுதான். நான் கால்களைப் பார்க்கச் சொல்கிறேன்.

ழான் பப்தீஸ்த் தெப்ரே பிரெஞ்சுக்காரர். 1816இல் பிரேசில் போய் 1831 வரை இருந்தார். அரண்மனை ஓவியர். பேரரசன் முதலாம் பெத்ரோ முடிசூடியதைப் பிரம்மாண்டமாக வரைந்த அதே கை, ரியோ தெருக்களில் அடிமைகளையும் நீர்வண்ணத்தில் வரைந்தது. பாரீஸ் திரும்பியபின் தன் படங்களைக் கல்லச்சில் ஏற்றி, 1834 முதல் 1839 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்டார்.

அதில் ஒரு படம். அரசு அதிகாரி ஒருத்தர் குடும்பத்தோடு வெளியே கிளம்புகிறார். ஒற்றை வரிசை. முன்னால் அவர், அடுத்து பிள்ளைகள், கர்ப்பிணி மனைவி, பின்னால் அடிமைகள். அடிமைகளுக்குள்ளும் வரிசை உண்டு. வீட்டுக்குள் வேலை செய்யும் கலப்பினப் பெண் முன்னால். புதிதாக வாங்கிவந்தவன் கடைசிப் பக்கம். மற்ற அடிமைகளுக்கெல்லாம் அவன் அடிமை என்று தெப்ரேயே எழுதுகிறார். அம்பேத்கர் சொன்ன படிநிலை ஏற்றத்தாழ்வை விளக்க இதைவிட நல்ல படம் நான் பார்த்ததில்லை.

இன்னொன்று சப்பாத்துக் கடை. (சப்பாத்து என்ற சொல்லே போர்த்துக்கீசியன் நமக்குக் கொடுத்ததுதான்.) கடைக்காரன் ஒரு அடிமையின் உள்ளங்கையில் மரத்தட்டால் அடிக்கிறான். கடைக்காரன் மனைவி, அவளும் கலப்பினப் பெண்தான், பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே கதவோரமாக வேடிக்கை பார்க்கிறாள். மற்ற அடிமைகள் தைத்துக்கொண்டிருக்கிறார்கள். தைக்கிறவன் காலில் ஒன்றுமில்லை. அங்கே சப்பாத்து போட்டவன் சுதந்திரமானவன். அடிமை என்றால் வெறுங்கால். ஆறில் ஐந்து பங்கு சனம் வெறுங்காலோடு நடக்கிற ஊரில் இத்தனை சப்பாத்துக் கடைகளா என்று தெப்ரேவுக்கு ஆச்சரியம்.

நமக்கென்ன ஆச்சரியம்? எங்க தாத்தா ஊருக்கே செருப்பு தச்சவரு. ஊர்த்தெரு வந்துட்டா தஞ்செருப்பக் கழட்டிக் கக்கத்துல வச்சுக்குவாரு. தெருவக் கடந்த பிறகும் கொஞ்ச தூரம் வெறுங்காலோடதான் நடப்பாரு.

தெப்ரேவைக் கொண்டாடவும் முடியவில்லை, ஒதுக்கவும் முடியவில்லை. அடியை மறைக்காமல் வரைந்தார். அரண்மனைச் சம்பளம் வாங்கியவருக்கு அது சின்ன விஷயமில்லை. ஆனால் அடிபடுகிறவனுக்குப் பெயரில்லை, கடைக்குத்தான் பெயர். இந்தப் படம் அச்சாகி ஐம்பது வருஷத்துக்குமேல் கழித்து, 1888இல்தான் பிரேசிலில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது.