சாமுராய்ப் படங்கள்: போரில்லாக் காலத்தின் வாள்

ஜப்பானியச் சாமுராய்ப் படங்களில் பெரும்பாலானவை எடோ காலத்தில் (1603–1868) நடப்பவை. தொகுகவா குலத்து ஷோகன்கள் நாட்டை ஆண்ட அந்தக் காலத்தில், 1638இல் ஷிமபாரா கிளர்ச்சி ஒடுக்கப்பட்ட பிறகு, ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பெரிய போர் எதுவும் இல்லை. போரிடுவதற்கென்றே வளர்க்கப்பட்ட சாமுராய்க் குலம் இடுப்பில் இரண்டு வாள்களைச் செருகிக்கொண்டு களஞ்சியக் கணக்கு எழுதியது, கோட்டை வாசலில் முறைக்காவல் நின்றது, வட்டாரப் பிரபு அளந்த அரிசியில் குடும்பம் நடத்தியது. ஷோகனின் சினத்துக்கு ஆளாகி ஒரு பிரபுவின் வம்சம் ஒழிக்கப்பட்டால், அவரை நம்பியிருந்தவர்கள் தலைவனற்ற ரோனின்களாகத் தெருவுக்கு வந்தார்கள். வேறு தொழில் அவர்களுக்குத் தெரியாது, தெரிந்த தொழிலுக்கோ வேலை இல்லை. 1876இல் பொது இடத்தில் வாள் அணிவதே தடை செய்யப்பட்டது.

வாள்வீச்சின் வேகத்துக்காகப் படம் பார்க்க வருபவரின் கண்ணுக்கு இந்த வேலையின்மை முதலில் தெரிவதில்லை. ஆனால் இந்த வகையின் சிறந்த படங்கள் அனைத்தும் அதன் மேல்தான் நிற்கின்றன. விசுவாசத்தையும் வீரமரணத்தையும் போற்றிய படங்கள் நூற்றுக்கணக்கில் வந்தன, போயின. அந்த விசுவாசம் யாருக்குப் பயன்பட்டது, யாரைக் கொன்றது என்று கேட்ட படங்களே காலம் கடந்தும் பார்க்கப்படுகின்றன.

மௌனப் படக் காலத்தில் வாள்சண்டை கபுகி நாடக மேடையிலிருந்து அப்படியே திரைக்கு வந்தது. கியோட்டோவில் நாடக அரங்கு நடத்திய ஷோஸோ மகினோவும் அவர் கண்டெடுத்த நடிகர் மட்சுனோசுகே ஓனோயேவும் எண்ணற்ற குறும்படங்களை எடுத்துத் தள்ளினார்கள். 1926இல் இறந்த ஓனோயே ஏறத்தாழ ஆயிரம் படங்களில் நடித்ததாகக் கணக்கிடுவார்கள். அவற்றில் சண்டை என்பது தாளத்துக்கு ஆடும் நடனம். 1917இல் ஷோஜிரோ சவதா தொடங்கிய ஷின்கொகுகெக்கி நாடகக் குழு மேடையில் வேகமான, உக்கிரமான வாள்சண்டையைக் காட்டியதும் திரையும் மாறத் தொடங்கியது. 1923 செப்டம்பரில் நேர்ந்த பெரும் நிலநடுக்கம் டோக்கியோவின் படப்பிடிப்புத் தளங்களை நொறுக்க, சரித்திரப் படங்களின் தலைநகராகக் கியோட்டோ நிலைபெற்றது.

1925இல் வெளிவந்த ‘ஒரோச்சி’ புதிய போக்கின் முதல் பெரிய சாதனை. சுமசபுரோ பந்தோ நடித்த அதன் நாயகன் நல்லவன். ஆனால் செய்யும் ஒவ்வொரு காரியமும் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டு, படிப்படியாக ஊரார் கண்ணில் கயவன் ஆகிறான். இறுதியில் காவலர் கூட்டம் சூழ்ந்துகொள்ள, மூச்சு வாங்க வாங்கச் சுழன்று சண்டையிட்டு, கட்டப்பட்டு இழுத்துச் செல்லப்படுகிறான். வெற்றியும் இல்லை, வீரமரணமும் இல்லை. பெயர் கெட்ட தனி மனிதனுக்கும் பெயர் பெற்ற பெரிய மனிதர்களுக்கும் நடுவிலான இந்த மோதல் பிறகு அரை நூற்றாண்டுக்கு இந்த வகையின் முதுகெலும்பாக இருந்தது.

முப்பதுகளில் சதாவோ யமனகா அந்த மோதலிலிருந்து வாளையே எடுத்துவிட்டார். அவருடைய ‘மனிதமும் காகிதப் பலூன்களும்’ (1937) எடோ நகரத்து ஏழைக் குடியிருப்பு ஒன்றில் ஒரு சாமுராய் தூக்கிட்டுக்கொண்ட செய்தியோடு தொடங்குகிறது. சாமுராய்க்கு உரிய முறையில் வயிற்றைக் கிழித்துக்கொண்டு சாக அவரிடம் வாள் இல்லை. அதை விற்று அரிசி வாங்கியாயிற்று. உறையில் இருந்தது மூங்கில். அதே குடியிருப்பில் வாழும் இன்னொரு ரோனின், இறந்த தன் தந்தைக்குக் கடன்பட்ட அதிகாரி ஒருவரின் வாசலில் வேலைக்காக மழையில் காத்துக் கிடக்கிறார். அதிகாரி ஒவ்வொரு முறையும் நாளை வா என்கிறார். சண்டைப் படத்துக்கு உரிய வேகம் எதுவும் இல்லாத இந்தப் படம், பார்த்து முடித்தபின் பல சண்டைப் படங்களைவிடக் கனமாக நெஞ்சில் இறங்குகிறது. படம் வெளியான நாளில் யமனகாவுக்குப் படையில் சேரும் ஆணை வந்தது. அடுத்த ஆண்டு சீனத்தில் நோயுற்று இறந்தபோது அவருக்கு வயது 28. அவர் இயக்கியவற்றில் முழுமையாக எஞ்சியவை மூன்றே படங்கள்.

போர்க்காலத்தில் அரசு விசுவாசப் படங்களை விரும்பியது. தலைவனின் சாவுக்குப் பழிவாங்கிய நாற்பத்தேழு ரோனின்களின் கதை அதற்கு வாகானது. அதை இரண்டு பாகங்களாக (1941–42) எடுத்த கென்ஜி மிசோகுச்சி, மக்கள் எதிர்பார்த்த நள்ளிரவுத் தாக்குதலைக் காட்டவே இல்லை. அது ஒரு கடிதத்தின் வழியே மட்டும் சொல்லப்படுகிறது. தோற்ற நாட்டை ஆள வந்த அமெரிக்க நிர்வாகமோ 1945 நவம்பரில் விசுவாசத்தையும் பழிவாங்கலையும் போற்றும் படங்களைத் தடை செய்தது. வாள்வீரர்களாக நடித்து வந்தவர்கள் கைத்துப்பாக்கி ஏந்தினார்கள். சியேஸோ கதவோகா 1946இல் மாறுவேடத் துப்பறிவாளர் பன்னாய் தாராவோவாகத் தோன்றிப் பெரும் வெற்றி பெற்றது இப்படித்தான். ஜப்பானியக் குற்றப் படங்களும் சாமுராய்ப் படங்களும் நடிகர்களையும் தளங்களையும் பகிர்ந்துகொண்டே வளர்ந்தவை என்பதற்கு அது தொடக்கச் சான்று.

தடைக்காலம் முடியும் முன்பே அகிரா குரோசாவாவின் ‘ராஷோமோன்’ (1950) வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் பெற்று உலகின் கவனத்தை ஈர்த்தது. ஒரு கொலை, அதற்கு ஒன்றோடொன்று முரண்படும் வாக்குமூலங்கள் என்ற அதன் அமைப்பின் தூண்டுதலில்தான் தமிழில் எஸ். பாலசந்தரின் ‘அந்த நாள்’ (1954) உருவானது. ராஷோமோனில் வரும் வாள்சண்டை ஒருவரின் வாக்குமூலத்தில் வீரச்செயல், இன்னொருவரின் வாக்குமூலத்தில் கைநடுங்கும் இருவர் மண்ணில் உருளும் கோமாளித்தனம். வீரம் என்பது சொல்பவர் வாயில் இருக்கிறது என்று வாள்சண்டையை வைத்தே காட்டிய காட்சி அது.

‘செவன் சாமுராய்’ (1954) பற்றி எவ்வளவு எழுதினாலும் அதன் நுட்பம் தீர்வதில்லை. 207 நிமிடம் ஓடும் இந்தப் படம், எடோ காலத்துக்கு முன்பு, உள்நாட்டுப் போர்கள் ஓயும் நேரத்தில் நடக்கிறது. கொள்ளைக்காரர்களிடமிருந்து தங்கள் விளைச்சலைக் காக்க, விவசாயிகள் சோற்றைக் கூலியாகக் கொடுத்து ஏழு ரோனின்களை அமர்த்துகிறார்கள். இவர்களில் கியூஸோவின் அறிமுகக் காட்சி வாள்சண்டை இலக்கணத்துக்கே பாடம். அவரும் எதிராளியும் முதலில் கழிகளால் மோதுகிறார்கள். எதிராளி சமன் என்கிறான். வாளாக இருந்திருந்தால் நீ செத்திருப்பாய் என்கிறார் கியூஸோ. அவன் ஏற்காமல் வாளை உருவ, அதே நிலை, அதே அடி, அதே நொடி. எதிராளி மெல்லச் சாய்கிறான். இயக்கம் இரு முறையும் ஒன்றேதான். காத்திருக்கும் நேரத்தில் பார்ப்பவரின் நெஞ்சு அடித்துக்கொள்வது மட்டும் வேறு. சாமுராய்ச் சண்டையின் உயிர் இந்தக் காத்திருப்பில் இருக்கிறது. ஹாங்காங் சண்டைப் படங்கள் அடிகளின் தொடர்ச்சியில் மகிழ்கின்றன என்றால், இவை ஒற்றை வெட்டுக்கு முந்தைய அசைவின்மையில் ஊன்றி நிற்கின்றன.

மழையிலும் சேற்றிலும் நடக்கும் இறுதிப் போரைக் குரோசாவா ஒரே நேரத்தில் பல கேமராக்களை வைத்து, தொலைவிலிருந்து இழுத்துக்காட்டும் லென்ஸ்களால் எடுத்தார். குதிரையும் மனிதனும் சேறும் ஒரே தளத்தில் நசுங்கித் தெரியும் அந்தப் படிமம் பிற்காலச் சண்டைக் காட்சிகள் பலவற்றுக்கு மூலம். ஏழு பேரில் நால்வர் இறக்கிறார்கள். நால்வரும் துப்பாக்கிக் குண்டுக்கே பலியாகிறார்கள், வாளுக்கு ஒருவர்கூட இல்லை. கியூஸோவின் இணையற்ற திறமையைத் தூரத்தில் ஒளிந்திருக்கும் ஒருவனின் விரலசைவு முடித்துவிடுகிறது. தோஷிரோ மிஃபுனே நடித்த கிக்குசியோ, விவசாயி வீட்டில் பிறந்து சாமுராயாக வேடமிடுபவன். விவசாயிகள் தந்திரக்காரர்கள்தான், ஆனால் அவர்களை அப்படி ஆக்கியது நீங்கள்தானே என்று அவன் சாமுராய்களைப் பார்த்துக் கத்தும் இடம் படத்தின் இதயம்.

குரோசாவாவின் ‘யோஜிம்போ’ (1961) இரண்டு சூதாட்டக் கும்பல்களை ஒன்றோடொன்று மோதவிடும் ரோனினின் கதை. அமெரிக்கக் குற்ற நாவலாசிரியர் டாஷியல் ஹாமெட்டின் சாயல் அதில் உண்டு. செர்ஜியோ லியோனே அதை அனுமதி பெறாமல் ‘எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்’ (1964) ஆக்கியபோது வழக்காகி, இழப்பீட்டில் முடிந்தது. அமெரிக்கக் குற்றக்கதை ஜப்பானிய வாளாகி, இத்தாலியரின் கையில் கௌபாய்த் துப்பாக்கி ஆன பயணம் இது. ‘சஞ்சுரோ’வின் (1962) இறுதியில் இருவர் நெடுநேரம் அசையாமல் நிற்க, ஒரே வெட்டில் ரத்தம் ஊற்றாகப் பீறிடுகிறது. குரோசாவாவிடம் அது ஒரு முறை நிகழ்ந்த அதிர்ச்சி. பின்வந்தவர்கள் அதை வழக்கமாக்கினார்கள்.

இந்த வகையின் மிகக் கூர்மையான படம் எது என்றால் மசாகி கோபயாஷியின் ‘ஹராகிரி’யையே (1962) சொல்ல வேண்டும். 1630இல், ஹன்ஷிரோ என்ற ரோனின் எடோவிலுள்ள இயி குலத்தின் மாளிகைக்கு வந்து, முற்றத்தில் முறைப்படி உயிர்விட இடம் கேட்கிறார். அந்நாளில் வறுமையுற்ற ரோனின்கள் இப்படிக் கேட்டுக் காசு வாங்கிக்கொண்டு போவதுண்டு. முன்பு அப்படி வந்த ஓர் இளைஞனுக்குப் பாடம் புகட்ட, மாளிகையார் அவனைச் சொன்னபடியே சாகவைத்தார்கள். அவன் தன் வாளை விற்றிருந்தான். உறையிலிருந்த மூங்கில் வாளாலேயே வயிற்றைக் கிழிக்க வைத்தார்கள். அவன் ஹன்ஷிரோவின் மருமகன் என்பதும், நோயுற்ற குழந்தைக்கு மருத்துவம் பார்க்கவே அந்தப் படியேறினான் என்பதும் படம் விரிய விரியத் தெரிகிறது. தட்சுயா நகதாய் தரையில் அமர்ந்தபடி தாழ்ந்த குரலில் கதை சொல்லியே பாதிப் படத்துக்கு மேல் நடத்திச் செல்கிறார். சண்டை வெடிக்கும்போது அது விடுதலையாக இல்லை, வாதத்தின் தொடர்ச்சியாக இருக்கிறது. கடைசியில் மாளிகையார் துப்பாக்கியைக் கொண்டுவருகிறார்கள். நாட்குறிப்பில், இறந்த தங்கள் ஆட்கள் நோயால் இறந்ததாக எழுதிக்கொள்கிறார்கள். படையில் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டு, பதவி உயர்வுகளை மறுத்துச் சிப்பாயாகவே போரைக் கடந்தவர் கோபயாஷி. வீரநெறியின் பெயரால் ஓர் அமைப்பு என்னென்ன செய்யும் என்பது அவருக்கு ஏட்டறிவு அல்ல.

அறுபதுகளில் மற்றவர்களும் இந்த வழியில் வந்தார்கள். ஹிதேயோ கோஷாவின் ‘த்ரீ அவுட்லா சாமுராய்’ (1964) விவசாயிகளின் கிளர்ச்சியை ஆதரித்தது. கிஹாச்சி ஒகமோட்டோவின் ‘தி ஸ்வோர்ட் ஆஃப் டூம்’ (1966) காரணமே இல்லாமல் கொல்பவனைப் பின்தொடர்ந்து, வெறியின் நடுவில் உறைந்த சட்டகத்தோடு நின்றுவிடுகிறது. மக்கள் கொண்டாடிய நாயகனோ சாமுராய் அல்லாத ஸதோயிச்சி. உடம்பு பிடித்துவிட்டுப் பிழைக்கும் பார்வையற்றவர், வாளைக் கைத்தடிக்குள் மறைத்து வைத்திருப்பவர். ஷிந்தாரோ கட்சு 1962 முதல் 1973 வரை 25 படங்களில் அவராக வந்தார். எளியவர்களின் பக்கம் நின்று, வேலை முடிந்ததும் தனியே நடந்துபோகும் அவரைக் கிராமத்து மக்கள் தம்மவராகவே ஏற்றார்கள்.

தொலைக்காட்சி வீடுகளுக்குள் வந்ததும் திரையரங்குக் கூட்டம் கரைந்தது. சரித்திரப் படங்களின் கோட்டையாக இருந்த தோயி நிறுவனம் 1963 முதல் யகூசா எனும் குற்றக் கும்பல்களின் படங்களுக்கு மாறியது. முதலில் வந்தவை, கட்டுப்பாடும் நன்றியும் உள்ள பழங்காலச் சூதாடிகளைக் காட்டிய, சாமுராய் நெறியைக் கிமோனோ மாற்றிச் சொன்ன படங்கள். அவற்றின் போலித்தனத்தைக் கின்ஜி ஃபுகசாகுவின் ‘பேட்டில்ஸ் விதவுட் ஹானர் அண்ட் ஹ்யுமானிட்டி’ (1973) உடைத்தது. போரில் சிதைந்த குரே நகரின் கள்ளச்சந்தையில் தொடங்கும் இந்தப் படத்தில் தலைவர்கள் கோழைகள், துரோகமே அன்றாடம், கையில் பிடித்த கேமரா கூட்டத்தோடு சேர்ந்து ஓடுகிறது. ‘ஹராகிரி’ சாமுராய்களைப் பற்றிச் சொன்னதையே இது குற்றக் கும்பல்களைப் பற்றிச் சொன்னது. அதே ஆண்டுகளில் வந்த ‘லோன் வுல்ஃப் அண்ட் கப்’ வரிசையும் (1972–74), ‘லேடி ஸ்நோபிளட்’டும் (1973) ரத்தத்தை ஓவியமாக்கின. பின்னதன் தடங்கள் குவெண்டின் டாரன்டினோவின் ‘கில் பில்’ (2003) முழுக்கக் கிடக்கின்றன.

எண்பதுகளில் குரோசாவாவின் ‘ககெமுஷா’ (1980), ‘ரான்’ (1985) ஆகியவை பிரம்மாண்டமாக வந்தாலும் தனித்த சிகரங்களாகவே நின்றன. வகைக்கு மறுவாழ்வு தந்தது ஒரு சின்னக் கதை. யோஜி யமடாவின் ‘தி ட்வைலைட் சாமுராய்’ (2002) படத்தின் நாயகன் செய்பே களஞ்சியத்தில் கணக்கு எழுதும் கடைநிலை சாமுராய். மனைவி இறந்துவிட்டார், இரண்டு சிறுமிகளும் நினைவிழந்த தாயும் அவர் பொறுப்பு. வேலை முடிந்ததும் நண்பர்களோடு குடிக்கப் போகாமல் வீட்டுக்கு வந்து பூச்சிக் கூண்டு முடைந்து விற்கிறார். மேலதிகாரிகள் ஒருவரைக் கொல்ல அனுப்பும்போது அவர் உறையிலும் மூங்கில் வாள்தான். மனைவியின் ஈமச்செலவுக்காக நல்ல வாளை விற்றுவிட்டார். இருண்ட வீட்டுக்குள் நடக்கும் சண்டைக்கு முன்னால், கொல்ல வந்தவரும் சாக வேண்டியவரும் எதிரெதிரே அமர்ந்து குடும்பக் கஷ்டங்களைப் பேசிக்கொள்கிறார்கள். ஹிரோயுகி சனடாவின் தளர்ந்த தோள்கள் சொல்வதை நூறு வாள்வீச்சு சொல்லாது.

இந்தப் படங்களின் இன்னொரு தூண், வெட்டுப்பட்டு விழும் துணை நடிகர்கள். கியோட்டோவின் உசுமசா பகுதியில் இதற்கென்றே தேர்ந்த ஒரு கூட்டம் உண்டு. நாயகனின் வாள் மேலே படாமலே பட்டதாகக் காட்டி, கேமராவுக்குத் தன் முகம் தெரியும்படி பின்னால் வளைந்து விழுவது அவர்கள் கலை. அந்த வளைவுக்குப் பெயர்பெற்ற செய்ஸோ ஃபுகுமோட்டோ ஐம்பதாயிரம் முறை திரையில் செத்தவர் என்று புகழப்பட்டார். 2011இல் ‘மிட்டோ கோமோன்’ என்ற நெடுந்தொடர் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடி நின்றபோது இவர்களின் வருமானமும் பெரிதும் குன்றியது. போரில்லாக் காலத்து சாமுராயின் நிலை அவர்களாக நடித்தவர்களுக்கே வந்தது. ஃபுகுமோட்டோவை நாயகனாக்கிய ‘உசுமசா லைம்லைட்’ (2014) அந்த வாழ்க்கையைப் பதிவு செய்தது.

2024இல் இரண்டு வெற்றிகள் எதிரெதிர்த் திசையிலிருந்து வந்தன. கனடாவில் படமாக்கப்பட்ட அமெரிக்கத் தொடரான ‘ஷோகன்’, சனடாவை நாயகனாகவும் தயாரிப்பாளர்களில் ஒருவராகவும் கொண்டு, 18 எம்மி விருதுகளைக் குவித்தது. ஜப்பானில், நெல் விவசாயமும் செய்யும் இயக்குநர் ஜுனிச்சி யசுடா சிறு முதலீட்டில் எடுத்த ‘எ சாமுராய் இன் டைம்’ ஒரே ஒரு திரையரங்கில் வெளியாகி, வாய்மொழியாகவே நாடெங்கும் பரவியது. மின்னல் தாக்கி இக்காலத்துக்கு வந்துசேர்ந்த எடோ காலத்து சாமுராய் ஒருவர், கியோட்டோ படப்பிடிப்புத் தளத்தில் வெட்டுப்பட்டு விழும் துணை நடிகராக வேலைக்குச் சேர்கிறார் என்பது அதன் கதை. 2025 மார்ச்சில் ஜப்பானிய அகாதமியின் சிறந்த படத்துக்கான விருது அதற்கு வழங்கப்பட்டது.