மேற்கோளும் எடுத்த இடமும்

மலர்களுக்கு வரும் ஆய்வுக் கட்டுரைகளில் என்னை உறுத்துவது ஒன்று உண்டு. மேற்கோள் இருக்கும், எடுத்த இடம் இருக்காது. 'சங்கப் புலவர் பாடினார்', 'அறிஞர் ஒருவர் கூறுவார்' என்று போய்விடும். கேட்டால், "பழைய உரையாசிரியர்களே அப்படித்தானே எழுதினாங்க?" என்கிறார்கள்.

எழுதினார்கள்தாம். நச்சினார்க்கினியர் 'என்றார் பிறரும்' என்பதோடு பல இடங்களில் நிறுத்திக்கொள்வார். நூல்களை மனப்பாடமாகக் கற்ற மாணாக்கனுக்கு அது போதும். ஆனால் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சா.வுக்கு? அந்தப் 'பிறர்' யாரென்று தேடி அவர் பட்ட பாட்டை 'என் சரித்திரம்' நூலில் பார்க்கலாம். எட்டுத்தொகை ஏடுகளைப் புரட்டிய பிறகே பல மேற்கோள்கள் பிடிபட்டன. பிடிபடாதவற்றையும் அவர் மறைக்கவில்லை. 'விளங்கா மேற்கோள்' என்றே தலைப்பிட்டுத் தம் பதிப்புகள் சிலவற்றில் தனியே அடுக்கித் தந்தார். எவ்வளவு பெரிய மனசு!

இதற்கு மறுபக்கமும் உண்டு. யாப்பருங்கல விருத்தியுரைகாரர் பல நூல்களைப் பெயர் சொல்லியே காட்டுகிறார். அவற்றுள் பல இன்று இல்லை. மயிலை சீனி. வேங்கடசாமி 1959-இல் 'மறைந்துபோன தமிழ் நூல்கள்' எழுத முடிந்தது இத்தகைய உரைகளால்தான். நூல் அழிந்தும் பெயராவது மிஞ்சியதே!

பக்க எண் பதிப்புக்குப் பதிப்பு மாறும். ஆகவே சங்கப் பாடலுக்குப் பாட்டெண், சிலம்புக்குக் காதையும் அடியும் தருவதே முறை. குறளுக்கு எண் மட்டும் போதுமா? பரிமேலழகர் வைத்த வரிசை வேறு, மணக்குடவர் வரிசை வேறு. யார் உரைப்படி என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். எனக்குப் பொறுக்காதது இரவல் மேற்கோள். பிறர் கட்டுரையில் கண்ட புறநானூற்று அடியை, மூலத்தையே பார்த்ததுபோல் எழுதிவிடுவது. அந்தக் கட்டுரையில் 367 என்பது அச்சுப் பிழையால் 267 ஆகியிருந்தால், இவரும் 267 என்றே போடுவார். புறநானூற்றில் 267, 268 ஆகிய இரண்டு பாடல்களும் நமக்குக் கிடைக்கவே இல்லை! 'இன்னார் நூலில் கண்டபடி' என்று ஒரு வரி சேர்த்தால் என்ன குறைந்துவிடும்?

தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் நமக்கு இது வெறும் முறைமைப் பேச்சன்று. மூலநூல்கள் பல இணையத்தில் கிடைக்கின்றன, சரி. ஆனால் பழைய ஆய்வு நூலொன்றைச் சரிபார்க்க, கோடை விடுமுறையில் சென்னை போகும்போது கன்னிமாரா நூலகத்தில் உட்கார ஒரு மணி நேரம் கிடைத்தாலே பெரிது. பதிப்பும் ஆண்டும் பக்கமும் கையில் இருந்தால் அது போதும். நூலின் பெயர் மட்டும் இருந்தால், தேடி முடிக்கிறதுக்குள்ள லீவே முடிஞ்சிடும்.