முந்தைய கை

சென்னையில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் காரின் பானெட்டைத் தூக்கினால், மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து முகமே முன்பக்கம் சாய்ந்துவிடும். முன்சக்கரத்தில் உட்கார்ந்தே வேலை பார்க்கலாம். இவ்வளவு வசதி இருந்தும் ஒப்பேற்றிவிட்டுப் போனவர்கள் உண்டு.

எங்கள் ஹெரால்டைப் பார்த்த மெக்கானிக் அண்ணன் ஸ்பானரைத் தொடவில்லை. ஒரு போல்ட்டை விரலால் அசைத்துப் பார்த்து, "எவன் சார் இதுல எட்டு எம்எம் ஏத்துனது?" என்றார்.

இது அங்குலக் கணக்கு வண்டி. 5/16 அங்குலம் என்பது 7.94 மி.மீ. எட்டு மி.மீ. போல்ட் ஏறுவதுபோல ஏய்க்கும். ஆனால் மரை வேறு: அங்குலத்துக்கு 24 இருக்கவேண்டிய இடத்தில் 20 சொச்சம். ஸ்பானரில் குழாய் மாட்டி முறுக்கியிருக்கிறார்கள், உள்மரை செத்துவிட்டது.

துளையைப் பெரிதாக்கி, புது மரை வெட்டி, ஹெலிகாயில் என்ற மரைச் சுருளைப் பொறுமையாக இறக்கினார். அரை நாள். பிறகு சரியான போல்ட்டை விரலாலேயே விட்டார். கடைசிச் சுற்றுவரை முரண்டு பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு போனது. இன்னொரு முறை கழற்றி மாட்டச் சொல்லிப் பார்த்தேன், சும்மா.

டாஷ்போர்டுக்கு அடியில் இன்சுலேஷன் டேப் சுற்றிய ஒயர் உருண்டை ஒன்று இருக்கிறது. அது அடுத்த வாரமாம்.