இடைவெளியைக் கேட்கும் காது

மூச்சிரைப்போடு வரும் இளம்பெண்ணுக்கு ஆஸ்துமா என்று இன்ஹேலர் எழுதிக்கொடுப்பது சுலபம். கர்ப்பிணியென்றால் ரத்தசோகை என்று சத்து மாத்திரையோடு அனுப்பிவிடலாம். சிறுவயதில் வந்துபோன ருமாட்டிக் காய்ச்சல் அவளுடைய இதயத்தின் மைட்ரல் வால்வைச் சுருக்கிவைத்திருப்பதும், கர்ப்பத்தில் ரத்தம் பெருகியதும் அது வெளிப்படுவதும், சந்தேகப்படத் தெரிந்த மருத்துவருக்கே பிடிபடும்.

மேலைநாட்டுப் பாடநூல்கள் கன்னச் சிவப்பைப் பார்க்கச் சொல்லும். நம் மாநிறத்தில் அதைத் தேடுவது வெட்டி வேலை. தேர்ந்தவர் முதலில் மார்பில் உள்ளங்கையை வைப்பார். முதல் இதய ஒலி கையிலேயே தட்டும். பிறகு அவளை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, ஸ்டெதஸ்கோப்பின் பெல்லை இதய நுனியில் பட்டும் படாமலும் வைப்பார். அழுத்தினால் போச்சு: தோல் விறைத்து அதுவே டயஃப்ரம் ஆகிவிடும், கீழ்ஸ்தாயியில் உருளும் முணுமுணுப்பு காணாமல் போகும். கேட்கவில்லையென்றால் நாலு முறை எழுந்து உட்காரச் சொல்லி, துடிப்பு ஏறியதும் மறுபடி கேட்பார்.

எனக்குப் பிடித்த இடம் இந்த முணுமுணுப்புக்குச் சற்று முன்னால் வருகிறது. இரண்டாம் ஒலிக்கும், விறைத்த வால்வு திறக்கும் 'டக்'குக்கும் நடுவே நொடியில் 100இல் 4 முதல் 12 பங்கு இடைவெளி. வால்வு குறுகக் குறுக இடது மேலறையில் அழுத்தம் ஏறி, 'டக்' முந்திக்கொள்ளும். ஆக, நோயின் கடுமை சத்தத்தில் இல்லை, அந்த இடைவெளியில் இருக்கிறது. எடுப்பு எங்கே விழுகிறதென்று தாளம் போடாமலே உணரும் கச்சேரி ரசிகரின் காது அது. எக்கோ ஸ்கேன் எல்லாவற்றையும் துல்லியமாக அளக்கும், சரி. ஆனால் எக்கோ எழுதித்தர யாராவது முதலில் சந்தேகப்பட வேண்டுமே!

சிகிச்சையிலும் கைநேர்த்திதான். 1925இல் லண்டனில் ஹென்றி சவுட்டர் இதயத்துக்குள் விரல் நுழைத்து வால்வைத் தளர்த்தினார். நோயாளி பிழைத்தாள், ஆனால் இன்னொருவரை அவரிடம் யாரும் அனுப்பவில்லை. 1980களில் ஜப்பானின் கான்ஜி இனோவே கண்ட பலூன் தொடைச் சிரை வழியே ஏறி, மேலறைச் சுவரைத் துளைத்து வால்வுக்குள் போகிறது. முன்பாதி முதலில் உப்பும், இழுத்து வால்வில் பொருத்தியதும் பின்பாதி உப்பும், கடைசியில் ஒட்டிய இதழ்களைப் பிரித்துக்கொண்டு பலூனின் இடுப்பு விரியும்.

அப்புறம், ருமாட்டிக் காய்ச்சல் திரும்பாமலிருக்க, 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி, பல ஆண்டுகளுக்கு. நன்றாகவே வலிக்கும் ஊசி. உடம்பு தேறிய பெண்ணை அதற்காகத் தவறாமல் வரவழைக்கும் மருத்துவரை, பலூன் போட்டவருக்கு ஒரு படி மேலேயே வைப்பேன்.