காரணம் கேட்கும் படிவம்

ஷோபாசக்தியின் ‘கொரில்லா’ (2001) பிரான்ஸ் அரசுக்கு எழுதப்பட்ட ஓர் அகதி விண்ணப்பத்தோடு தொடங்குகிறது. விண்ணப்பத்துக்குத் தேதிகளும் கைதுகளும் சித்திரவதைகளும் வேண்டும். அதிகாரி நம்பும்படி அவை வரிசையாக நிற்கவும் வேண்டும். பின்னால் வரும் ரொக்கிராஜின் கதை அந்த வரிசைக்குள் அடங்க மறுக்கிறது. அவன் இயக்கத்துக்குப் போனதில் விடுதலைக் கனவும் இருந்தது, சண்டியரான தகப்பனின் அடியும் இருந்தது. இரண்டில் எது பெரிது என்று நாவல் தீர்ப்பு எழுதாததே அதன் பலம்.

இதை அமீரகத்திலிருந்து வாசிக்கும்போது வேறொன்றும் உறைக்கிறது. வளைகுடாக் கூட்டமைப்பின் 6 நாடுகளும் 1951 அகதிகள் உடன்படிக்கையில் சேராதவை. முன்னாள் போராளி இங்கே வந்தால் வேலை விசாவில்தான் வருவார். ரத்தப் பரிசோதனை, கைரேகை எல்லாம் கேட்பார்கள். ஏன் ஆயுதம் எடுத்தாய் என்று கேட்கமாட்டார்கள். பாரிஸில் கதை சொன்னால்தான் வாழ்வு. துபாயில் சொல்லாதிருந்தால்தான் பிழைப்பு. நம் போர் இலக்கியத்தில் ஐரோப்பாவும் கனடாவும் நிறைந்திருக்க, வளைகுடா மௌனமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

‘ஏன் இயக்கத்துக்குப் போனீர்கள்?’ என்று மாமாவிடம் ஒற்றை வரிப் பதிலை எதிர்பார்க்கும் இளையவர்கள், இந்த நாவலைப் படித்துவிட்டுக் கேட்கலாம்.