சுனார் இராகமாலையும் ஒரு பழைய பிரிவினையும்

இராகங்களை ஆணாகவும் பெண்ணாகவும் உருவகித்துத் தீட்டிய இராகமாலை ஓவியங்களில் இசையே கண்ணுக்குப் புலனாகிறது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் புகழுரை. அதை அப்படியே ஏற்பதற்கில்லை. வீணை ஏந்திய பெண்ணை மான்கள் சூழ்ந்தால் தோடி. சிவலிங்கத்தின் முன் ஒருத்தி வழிபட்டால் பைரவி. ஓவியனுக்கு வழிகாட்டியவை தியானச் செய்யுள்களும் பட்டறைகளில் கைமாறிய மாதிரி வரைவுகளுமே, சுரங்கள் அல்ல. (நமக்குப் பழகிய கருநாடக இசைத் தோடியை மனத்தில் கொண்டு நோக்குவோர் ஏமாறுவர்; அதன் சுரவரிசை இன்றைய இந்துஸ்தானி இசையில் பைரவிக்கு உரியது.)

இவ்வோவியங்களின் உண்மையான மதிப்பு வேறிடத்தில் இருக்கிறது. காசிக்கு அருகிலுள்ள சுனாரில் ஹிஜ்ரி 999இல், அதாவது 1591இல், ஓர் இராகமாலைத் தொகுதி நிறைவுற்றது. அதன் பார்சி நிறைவுக் குறிப்பு ஷெய்கு ஹுஸைன், ஷெய்கு அலீ, ஷெய்கு ஹாதிம் என மூவரைப் பெயர் சொல்கிறது. மூவரும் ஷெய்கு பூல் சிஷ்தியின் புதல்வர். ஹுமாயூனின் அழைப்பில் ஈரானிலிருந்து வந்த மீர் சையித் அலீ, குவாஜா அப்துஸ் ஸமது ஆகியோரின் மாணவர். லிங்க வழிபாட்டுக் காட்சியைத் தீட்டிய கைகள் இவர்களுடையவை. கட்டடங்களின் நுணுக்கத்தில் முகலாயப் பயிற்சி தெரிகிறது. அழுத்தமான சமதள நிறங்களோ அதற்கு முந்திய இந்திய மரபினவை. பூந்தி, கோட்டா ஓவியர்கள் இத்தொகுதியின் அமைப்புகளை ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் பின்பற்றினர்.

கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி 1916இல் வெளியிட்ட ‘ராஜ்புத் ஓவியம்’ எனும் நூலில், ராஜபுத்திர ஓவியம் சமய உணர்வும் மக்கள் மரபும் சார்ந்தது, முகலாய ஓவியம் அரசவையும் தனிமனித உருவமும் சார்ந்தது என இரண்டாகப் பிரித்தார். ராஜபுத்திர ஓவியத்துக்கு உலகின் கவனத்தை ஈர்த்த பெருமை அவருடையது. அதை மறுப்பது நன்றிகெட்ட செயல். ஆனால் அந்தப் பிரிவினை சுனாரில் நிலைகொள்ளவில்லை. மேவாரிலும் அதே கதைதான். 1605இல் சாவண்டில் இராகமாலை தீட்டியவர் நஸீருத்தீன். 1628இல் உதயப்பூரில் தீட்டியவர் ஸாஹிப்தீன். பின்னர் ராணா ஜகத்சிங்குக்காக உருவான இராமாயணத்தின் போர்க்காட்சிகளையும் ஸாஹிப்தீனே வரைந்தார்.

இப்பெயர்களைக் கண்டதும் ‘இஸ்லாமிய ஓவியம்’ என்று உரிமை கொண்டாட நம்மில் சிலர் விரையக்கூடும். அது குமாரசுவாமியின் கோட்டை அழிப்பதாகாது; மறுபுறம் நின்று அதையே மீண்டும் வரைவதாகும். சிஷ்தி என்ற பெயர் ஸமாவைப் போற்றிய தரீக்காவை நினைவூட்டுகிறது என்பதற்காக, பைரவியின் முகத்தில் சூஃபிக் காதலைத் தேடுவதும் மிகையே. நிறைவுக் குறிப்பில் அத்தகைய உட்பொருளுக்கு இடமில்லை. தம் தந்தையையும் ஆசிரியர்களையும் சொல்லி, நாளையும் ஊரையும் குறித்து நிறுத்திக்கொண்டார்கள் அம்மூவரும்.