உதவித்தொகையும் அம்மம்மா வீடும்

இருபத்து நான்கு வயது, மடியில் ஒரு குழந்தை, பகலில் ஒரு வேலை, சனி ஞாயிறில் ஒரு பட்டப்படிப்பு. இப்படிப்பட்டவர்கள் யாழ்ப்பாணத்திலும் உண்டு, மதுரையிலும் உண்டு. இவர்கள் பணத்துக்கு என்ன செய்கிறார்கள் என்று பேச்செடுத்தால் அது நேரே கட்டணத்தில் போய் நிற்கும். இலங்கையில் படிப்பு இலவசம், இந்தியாவில் காசு கட்டிப் படிக்க வேண்டும், ஆகவே அங்கே பாடு குறைவு என்று முடித்துவிடுவார்கள். இந்தக் கணக்கு பாதிதான் சரி. வேலைக்கும் வகுப்புக்கும் போகும் நேரத்தில் பிள்ளையை யார் பார்ப்பது, அதற்கு யார் காசு கொடுப்பது என்பதுதான் இந்தக் குடும்பங்களின் செலவுப் பட்டியலில் முதலில் வருவது. அதை மனத்தில் வைத்துப் பார்த்தால், கட்டணத்தில் இவ்வளவு வேறுபடும் இரண்டு அரசுகளும் ஒரே இடத்தில்தான் கையை விட்டிருக்கின்றன என்று தெரியும். அந்த இடத்தை இன்று நிரப்புவது பெண்ணின் தாய் வீடும் அவள் கழுத்து நகையும்.

முதலில் இலங்கை. கல்வி அமைச்சராக இருந்த கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் வந்த இலவசக் கல்வியின் பயனாக, அரச பல்கலைக்கழகத்தில் உள்வாரியாகப் படிப்பவருக்குக் கல்விக் கட்டணம் கிடையாது. வசதி குறைந்தவருக்கு 1981இல் தொடங்கிய மகாபொல உதவித்தொகை உண்டு. அது 2025இல் மாதம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ஆகக் கூட்டப்பட்டது. கூட்டிய பிறகும், 2026 ஜனவரிக்கென்று சட்டம் வைத்த 30,000 ரூபா குறைந்தபட்ச மாதச் சம்பளத்தில் அந்த 7,500 கால்வாசிதான். அதைவிடப் பெரிய சிக்கல், உள்வாரிப் படிப்பு முழுநாள் படிப்பு என்பது. உயர்தரப் பரீட்சையில் தகுதி பெற்றவர்களில் ஒரு பகுதியினரைத்தான் பல்கலைக்கழக வெட்டுப்புள்ளி உள்ளே விடுகிறது. உள்ளே போன பிறகும் கைக்குழந்தையையும் ஒரு வேலையையும் வைத்துக்கொண்டு காலை விரிவுரைக்குப் போய் உட்கார முடியாது. அதனால் இவர்கள் வெளிவாரிப் பட்டத்துக்கோ 1980இல் நிறுவப்பட்ட திறந்த பல்கலைக்கழகத்துக்கோ போகிறார்கள். அங்கே கட்டணம் உண்டு. மகாபொல இவர்களை எண்ணி ஏற்பட்டதல்ல. ஆக, உழைத்துக்கொண்டே பிள்ளை வளர்த்துப் படிப்பவர், இலவசக் கல்வி நாட்டில் காசு கட்டிப் படிக்கிறார். பிள்ளையின் பக்கமும் அப்படித்தான். பாடசாலை இலவசம், அதற்கு முந்திய முன்பள்ளிகளில் பெரும்பாலானவை தனியாரோ சமய அமைப்புகளோ ஊர்ச் சங்கங்களோ நடத்துபவை. அவை மாதக் காசு வாங்கும், மதியத்தோடு பிள்ளையை வீட்டுக்கு அனுப்பியும் விடும்.

தமிழ்நாட்டில் படம் தலைகீழ். 1975இல் வந்த ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடி, ஊர்வாயில் பால்வாடி, ஏறக்குறைய ஒவ்வொரு தெருக்கூட்டத்துக்கும் பக்கத்தில் இருக்கிறது; காசு கிடையாது, மதியச் சோறும் முட்டையும் உண்டு. முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவித் திட்டம் ரொக்கமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய் தருகிறது. 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாய் என்று தொடங்கியது. தாயாக இருப்பதை இந்த மாநிலம் நன்றாகவே கவனிக்கிறது. (இலங்கையிலும் 1973இலிருந்து திரிபோஷ என்ற சத்துமா இருக்கிறதே என்றால், உண்டுதான், ஆனால் சத்துமா பசியை ஆற்றும், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளாது.) அதே தாய் படிக்கக் கிளம்பினால்தான் கை சுருங்குகிறது. 2022இல் வந்த புதுமைப்பெண் திட்டத்தின் ஆயிரம் ரூபாய், அரசுப் பள்ளியிலோ அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியிலோ படித்துவிட்டுக் கல்லூரிக்கு நேரடியாகப் போகும் பெண்ணுக்கு. ‘கரஸ்’ என்ற அஞ்சல்வழிப் படிப்பில் சேர்ந்தவருக்கு அது இல்லை. அவர் 1985இல் வந்த இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலோ 2002இல் வந்த தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலோ பதிவுக் கட்டணம், பாடக் கட்டணம், தேர்வுக் கட்டணம் என்று தவணைக்குத் தவணை கட்டுகிறார். இலங்கை அரசு மாணவரைப் பார்க்கிறது, அவர் மடியில் இருக்கும் பிள்ளையைப் பார்ப்பதில்லை. தமிழ்நாடு தாயைப் பார்க்கிறது, அவர் பையில் இருக்கும் பாடப்புத்தகத்தைப் பார்ப்பதில்லை.

வேலையிடத்தில் இந்தியா சற்று முன்னே நிற்கிறது. 2017 திருத்தத்துக்குப் பிறகு மகப்பேறு விடுப்பு முதல் இரு குழந்தைகளுக்கு 26 வாரம். தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.க்குப் பிடித்தம் உள்ளவருக்கு அந்தச் சம்பளம் பொது நிதியிலிருந்து வருகிறது; முதலாளி 3.25, தொழிலாளி 0.75 சதவீதம் கட்டிச் சேர்ந்த பணம் அது. இலங்கையில் தனியார் துறையின் 84 நாள் விடுப்புச் சம்பளத்தை அந்தந்த முதலாளியே சுமக்கிறார். கல்யாண வயதுப் பெண்ணை வேலைக்கு எடுக்க அவர் யோசிப்பதற்கு இது ஒரு காரணம். தந்தைக்குத் தனியார் துறையில் இரண்டு நாடுகளிலும் சட்டம் எதுவும் தருவதில்லை. ஆனால் வீட்டோடு தையல், தெருமுனைக் கடை, இரவில் உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை, லீசிங்கில் எடுத்த ஓட்டோ என்று பிழைக்கும் இளம் பெற்றோருக்கு இந்தச் சட்டங்கள் எட்டாத தூரத்தில் இருக்கின்றன.

அரசு விட்ட இடத்தைக் குடும்பம் எப்படி நிரப்புகிறது என்பதில்தான் உண்மையான வேறுபாடு இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் பெண்ணுக்குச் சீதனமாக வீடோ வளவோ எழுதிக்கொடுப்பது பழைய வழக்கம். அங்குள்ள தமிழருக்கான தேசவழமைச் சட்டமும் சீதனத்தை அவளுடைய சொத்தாகவே கொள்கிறது. மட்டக்களப்பில் இது இன்னும் அழுத்தம்: கல்யாணமான பெண் தாய் வீட்டிலேயோ அதே வளவுக்குள்ளோ இருப்பாள், மாப்பிள்ளைதான் வந்து சேர்வார். இதன் பலனைப் பணமாகவே சொல்லலாம். வாடகை இல்லை. முன்பள்ளி விட்டதும் பிள்ளையைக் கூட்டிவர அம்மம்மா இருக்கிறார். சனிக்கிழமை வகுப்புக்குப் போக யாரிடமும் அனுமதி கேட்டு நிற்க வேண்டியதில்லை. எந்தப் புலமைப்பரிசில் பட்டியலிலும் இல்லாத, மகாபொலவைவிடப் பெரிய உதவித்தொகை இது. தமிழ்நாட்டில் பெரும்பாலான சாதிகளில் பெண் புகுந்த வீட்டுக்குப் போகிறாள். முதல் பிரசவம் தாய் வீட்டில் என்ற வழக்கம் அவளுக்குச் சில மாத மூச்சு தருகிறது. மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ பிள்ளையோடு திரும்பி வந்த பிறகு, படிப்பைத் தொடர்வது மாமியாரின் உடல்நிலையையும் மனநிலையையும் பொறுத்தது. அதற்கும் மேலே, பிழைப்புக்காகத் திருப்பூருக்கோ சென்னைக்கோ வந்துவிட்ட தம்பதிக்கு இரண்டு வீடும் இல்லை. அவர்களுக்கு அட்வான்ஸ், வாடகை, பிறகு பிள்ளையை ஊரில் பாட்டியிடம் விட்டுவிட்டு மாதம் ஒருமுறை பஸ் ஏறுவது.

இதைச் சொல்லும்போது சீதனத்துக்கு வக்காலத்து வாங்குவதாகத் தோன்றலாம். இல்லை. அந்த வீட்டைக் கொடுக்கப் பெண்ணின் அப்பாவும் அண்ணனும் எத்தனை வருடம் கடன் பட்டார்கள், அல்லது எந்த வெளிநாட்டில் யார் உழைத்து அனுப்பினார்கள் என்ற கணக்கு எழுதப்படுவதில்லை. போரில் வீடும் நிலமும் இழந்த வன்னிக் குடும்பங்களிலும், சொந்தக் காணியே இல்லாத மலையக லயன் வீடுகளிலும் இந்தத் தாங்கல் இல்லவே இல்லை. நுண்கடன் நிறுவனங்கள் அங்கேதான் வேகமாகப் பரவின. 2018இல் வறட்சி கண்ட மாவட்டங்களில் பெண்கள் வாங்கிய நுண்கடன்களில் ஒரு பகுதியை அரசே தள்ளுபடி செய்ய வேண்டிவந்தது. தாய் வீடு உள்ளவருக்குப் படிப்பு, இல்லாதவருக்குக் கடன் என்று பிரிவது அரசின் ஏற்பாடு எதுவும் இல்லாததன் விளைவு.

அடுத்தது சீட்டும் நகையும். தேர்வுக் கட்டணம் கட்டும் மாதமும் பிள்ளைக்குக் காய்ச்சல் வரும் மாதமும் ஒன்றாக வரும்போது கைகொடுப்பவை இவை. தமிழ்நாட்டு ஏலச் சீட்டில் இருபது பேர் மாதம் ஆயிரம் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் மாதமே பணம் வேண்டுமென்றால் தள்ளிக் கேட்க வேண்டும். ஐயாயிரம் தள்ளினால் கையில் பதினைந்தாயிரம். தள்ளிய தொகையில் சீட்டு நடத்துபவரின் கமிஷன் போக மிச்சம் கசர் என்ற பங்காகச் சீட்டில் உள்ளவர்களுக்குப் பிரிந்து போகும். அவசரம் உள்ளவர், பொறுத்திருக்க முடிந்தவருக்குக் காசு கொடுக்கிறார். மாணவத் தாய்க்கு எப்போதும் அவசரம்தான். யாழ்ப்பாணத்திலும் கழிவு கேட்டு எடுக்கும் சீட்டு உண்டு. ஆனால் இலங்கை அலுவலகங்களிலும் அயலிலும் கழிவில்லாத சீட்டு நிறையவே நடக்கிறது. முதல் சீட்டு, அதை நடத்தும் தாச்சிக்கு, பிறகு குலுக்கலோ தேவையோ பார்த்து ஆளுக்கு ஒன்று. தாச்சிக்கு மனமிருந்தால், “எனக்குப் படிப்புக் காசு கட்ட வேணும் அக்கா, இந்த மாசம் தாங்கோ” என்று கேட்டு முழுத் தொகையை வட்டியில்லாமல் எடுத்துவிடலாம். தமிழ்நாட்டின் குலுக்கல் சீட்டும் இப்படித்தான். பெரிய தொகைக்கு ஆசைப்பட்டு ஏலச் சீட்டில் சேர்வதைவிட, படிக்கிற காலத்துக்கு இந்தச் சின்னச் சீட்டே மேல் என்பது என் கருத்து.

நகையில் இரு நாட்டாரும் ஒன்றுதான். இலங்கையில் அடைவு வைக்கிறார்கள், தமிழ்நாட்டில் அடகு வைக்கிறார்கள். தமிழ்நாட்டில் ஐந்து பவுன் வரையான கூட்டுறவு நகைக்கடனைத் தள்ளுபடி செய்வதாக 2021இல் அரசு அறிவித்ததே, எத்தனை வீடுகள் இதில் மாட்டிக்கொண்டிருந்தன என்பதற்குச் சாட்சி. இலங்கையில் 2022 செப்டம்பரில் கொழும்புப் பணவீக்கம் எழுபது சதவீதத்தை நெருங்கியபோது, பால்மா வாங்கவே காப்பு அடைவு கடைக்குப் போனது. மீட்க வேண்டிய தவணையும் பட்டத்தின் கடைசி ஆண்டும் மோதினால், படிப்பைத்தான் ஒரு வருடம் தள்ளிப்போடுவார்கள். நகை போனால் திரும்பாது, பரீட்சை அடுத்த வருடமும் வரும் என்ற கணக்கு அது. அதில் குற்றம் காண முடியாது.

படிப்பை முடித்துவிட்டுப் பிள்ளை பெற்றால் என்ன என்பார்கள். இலங்கையில் உயர்தரம் எழுதிவிட்டுப் பல்கலைக்கழகத்துக்காகக் காத்திருப்பதிலேயே வருடங்கள் கழிகின்றன. தமிழ்நாட்டில் கல்லூரி இரண்டாம் வருடத்திலேயே வரன் வந்துவிடுகிறது. அறிவுரை சரியாகவே இருக்கட்டும். பிறந்துவிட்ட பிள்ளைக்கு அது பால் வாங்கித் தராது. இன்னொரு கேள்வி, பாட்டி இருக்க அரசு எதற்கு என்பது. அந்தப் பாட்டிக்கு ஐம்பது வயதுகூட ஆகியிருக்காது. அவரும் ஊரக வேலைத் திட்டத்துக்கோ கொழுந்து பறிக்கவோ போகிறவர். அவர் விடும் கூலிதான் நாம் இலவசம் என்று சொல்வது. கையில் ரொக்கம் கொடுத்தால் அவர்களே பார்த்துக்கொள்ள மாட்டார்களா என்பதில் நியாயம் உண்டு; தன் பெயரில் வரும் ஆயிரம் ரூபாயின் கௌரவத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அந்த ஆயிரத்துக்கு ஒரு மாதம் பிள்ளை பார்க்கும் காப்பகம் சென்னையில் கிடைக்காது.

இது செய்யக்கூடிய காரியமா என்று கேட்பவர்கள் தேயிலைத் தோட்டங்களைப் பார்க்கலாம். இலங்கை மலையகத்தில் தோட்டத்துக்குத் தோட்டம் பிள்ளைக் காம்பரா பல தலைமுறையாக இருக்கிறது. கொழுந்து எடுக்கப் போகும் தாய் காலையில் பிள்ளையை அங்கே விட்டுப் போவாள். வால்பாறையிலும் நீலகிரியிலும் 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் ஐம்பது பெண்கள் வேலை செய்யும் தோட்டத்துக்குக் குழந்தைகள் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது. அன்பினால் வந்த ஏற்பாடு என்று நம்ப வேண்டாம். அந்தப் பெண்ணின் எட்டு மணி நேரம் தோட்டத்துக்குத் தேவைப்பட்டது, ஆகவே கட்டடம் வந்தது. அவள் படிக்கும் எட்டு மணி நேரம் இதுவரை யாருக்கும் தேவைப்படவில்லை. திறந்த பல்கலைக்கழகங்களின் வகுப்புகள் இரு நாடுகளிலும் பெரும்பாலும் வார இறுதியில் நடக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை பால்வாடியும் முன்பள்ளியும் பூட்டிக் கிடக்கும். புதுக் கட்டடம் வேண்டாம், புதுச் சட்டம்கூட வேண்டாம். படிப்பு மையத்துக்குப் பக்கத்து அங்கன்வாடியையோ முன்பள்ளியையோ ஞாயிற்றுக்கிழமை திறந்து, அங்குள்ள உதவியாளருக்கு அந்த ஒரு நாள் கூலியைப் பல்கலைக்கழகம் கொடுத்தால் போதும். வாங்கும் தேர்வுக் கட்டணத்தில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்குவது எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் முடியாத செலவல்ல.